டிராக்டரில் சோலார் பேனல் கழுவப் போகிறீர்களா? கணக்கில் விழும் ஓட்டைகள்

போன மாதம் கோவில்பட்டிப் பக்கம் ஒரு சோலார் பிளான்ட்டில் இரண்டு இளம் இன்ஜினீயர்கள் ஒரு எக்செல் கணக்கைக் காட்டினார்கள். டிராக்டரில் பிரஷ் மாட்டிக் கழுவினால் ஆள் கூலியில் பாதிதான் ஆகும் என்றது கணக்கு. பல வருடங்களுக்கு முன் நான் போட்ட அதே கணக்கு, அதே ஓட்டையோடு. உச்சி வெயிலில் சுடும் கண்ணாடிமேல் தண்ணீர் அடிக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்கள்.

டெமோ வேகத்தை நம்புவது

நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. மெஷின் விற்க வந்தவர் மேடுபள்ளம் இல்லாத நீளமான வரிசை ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓட்டிக் காட்டினார். டேங்க் நிறையத் தண்ணீர். பத்தே நிமிடத்தில் வரிசை பளபளத்தது. நானும் வாட்சைப் பார்த்து, அந்த வேகத்திலேயே எட்டு மணி நேரத்துக்கும் கணக்குப் போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

வேலை தொடங்கிய முதல் நாளே குட்டு வெளிப்பட்டது. எங்கள் பேனல்கள் எல்லாம் தெற்கு பார்த்தவை. டிராக்டர் கிழக்கே போகும்போது பேனல் இடது கைப் பக்கம் இருக்கும். அடுத்த சந்தில் மேற்கே திரும்பி வந்தால் வலது கைப் பக்கம். பிரஷ்ஷைத் தாங்கும் மெஷினின் கையோ இடது பக்கம் மட்டும்தான் நீளும்! ஒவ்வொரு வரிசையும் முடிந்தபின் சும்மா ஓட்டி வந்து, மறுபடி மேற்கு முனையிலிருந்து தொடங்க வேண்டும். பாதி ஓட்டம் வெட்டி ஓட்டம்.

அப்புறம் திருப்பம். கடைசி டேபிளுக்கும் (பேனல்களைத் தாங்கும் சட்டம்) வேலிக்கும் நடுவில் டிராக்டர் திரும்பிவிடும், பின்னால் வரும் டேங்கர் திரும்பாது. சில சந்துகளில் முழு நீளத்துக்கும் ரிவர்ஸ்தான். டேங்க் காலியானால் தண்ணீர் பிடிக்க பிளான்ட்டின் மறுகோடிக்குப் போக வேண்டும். எட்டு மணி நேர ஷிப்டில் பிரஷ் சுழன்றது மூன்று மணி நேரம்கூட இல்லை. டிரைவர் சம்பளமும் வண்டி வாடகையும் எட்டு மணி நேரத்துக்கும் போனது.

அந்த இளைஞர்களிடம் கை எந்தப் பக்கம் நீளும் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டெமோ கேட்டால் வேலியோரமாக அடுத்தடுத்து நான்கு வரிசை கேளுங்கள். டேங்க் ஒரு தடவை காலியாகி நிரம்பும்வரை வாட்சை நிறுத்தாதீர்கள்.

பேனலுக்கு எத்தனை ரூபாய் என்று மட்டும் பார்ப்பது

கழுவுவதால் திரும்பக் கிடைக்கும் யூனிட் என்ன விலைக்குப் போகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு மெகாவாட் நாளுக்குச் சுமார் 4,500 யூனிட் தருகிறது, தூசியால் 3 சதவீதம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நட்டம் 135 யூனிட். கமுதியில் பெரிய சோலார் பிளான்ட் வந்த காலத்து 7.01 ரூபாய் விலையில் அது நாளுக்கு 946 ரூபாய். 2017-இல் ராஜஸ்தானின் பட்லா ஏலத்தில் வந்த 2.44 ரூபாயில் வெறும் 329 ரூபாய். ஒரே தூசிதான், ஆனால் முதல் இடத்தில் வாரம் ஒருமுறை கழுவினாலும் கட்டுபடியாகலாம், இரண்டாவதில் கையைக் கடிக்கும்.

அந்த 3 சதவீதத்தையும் ஊகிக்காதீர்கள். ஒரு ஸ்ட்ரிங்கை, அதாவது தொடராக இணைத்த ஒரு பேனல் வரிசையை, தினமும் துடைத்து வைத்து, பக்கத்து ஸ்ட்ரிங்கை அப்படியே விட்டு, இரண்டின் கரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காலண்டரைப் பார்த்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவி, மறுநாளே மழை பெய்து நான் அசடு வழிந்ததுண்டு.

உப்புத் தண்ணீர்

போர் தண்ணீரை நேரே அடித்தால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் படியும். ஆர்.ஓ. பிளான்ட்டின் செலவையும், அது வெளியே தள்ளும் கழிவுநீரையும் கணக்கில் எழுதுங்கள்.

ஐப்பசியில் கரிசலில் டிராக்டர் இறக்குவது

இறக்காதீர்கள்.

காக்கை எச்சத்தைப் பிரஷ் பார்த்துக்கொள்ளும் என்பது

காய்ந்த எச்சத்தின்மேல் பிரஷ் வழுக்கிக்கொண்டு போய்விடும். பேனல்கள் தொடராக இணைந்தவை, எச்சத்தால் ஒன்றில் நிழல் விழுந்தாலும் ஸ்ட்ரிங் முழுக்க அடிவாங்கலாம். டிராக்டருக்குப் பின்னால் ஈரத்துணியோடு இரண்டு ஆள் நடந்தே ஆக வேண்டும். அந்த இரண்டு பேரின் கூலி இளைஞர்களின் எக்செலில் எந்தக் கட்டத்திலும் இல்லை.