புயோலின் ஆட்டத்தைப் பார்த்துப் படிப்பது எப்படி?

கால்பந்தில் முன்கள வீரர் ஒருவரின் ஆட்ட வாழ்வை அறிய விரும்புபவர், அவர் அடித்த கோல்களின் தொகுப்பை ஒரு மணி நேரம் பார்த்தாலே பாதி விஷயம் பிடிபட்டுவிடும். தடுப்பாட்டக்காரருக்கு இந்த வழி உதவாது. அவர் நன்றாக ஆடினால் எதிரணிக்கு வாய்ப்பே கிடைத்திருக்காது, கிடைக்காத வாய்ப்பை யாரும் தொகுத்து வைப்பதில்லை. ஸ்பெயின் லீக்கில் 392 ஆட்டங்கள் ஆடி 12 கோல்கள் மட்டுமே அடித்த பார்சிலோனா கழகத்தின் தடுப்பாட்டக்காரர் கார்லஸ் புயோலை, எண்களைக் கொண்டு அளக்க முயல்பவர் ஏமாந்துதான் போவார். அவரைப் பார்க்கத் தனியாக ஒரு முறை வேண்டும்.

முதலில் அவர் வந்த பாதையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். 1978-இல் கத்தலோனியாவின் லா போப்லா டி செகுர் என்ற சிற்றூரில் பிறந்த புயோல், சிறுவயதில் கோல்கீப்பராக நின்றார். பிறகு முன்களத்தில் ஆடினார். 1995-இல் பார்சிலோனாவின் லா மாசியா பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தபின் நடுக்களத்துக்கும், அங்கிருந்து வலது பின்களத்துக்கும், இறுதியாகப் பின்களத்தின் மையத்துக்கும் நகர்ந்தார். 1999 அக்டோபரில் பயிற்சியாளர் லூயி வான் கால் அவரை முதன்மை அணியில் இறக்கினார். கோலைக் காப்பவனின் பயத்தையும் கோல் அடிப்பவனின் ஆசையையும் ஏற்கெனவே அனுபவித்தவர் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், பந்து வருவதற்கு முன்பே அவர் ஏன் நகரத் தொடங்குகிறார் என்பது எளிதில் விளங்கும்.

அடுத்ததாக, சுருக்கக் காட்சிகளைத் தவிர்த்து ஆட்டத்தின் முழுப் பதிவைத் தேடி எடுங்கள். 2000 அக்டோபர் 21-ஆம் தேதி ஆட்டத்திலிருந்து தொடங்குவது நல்லது. பார்சிலோனாவை விட்டு ரியல் மாட்ரிட்டுக்குப் போன லூயிஸ் ஃபிகோ, எதிரணி வீரராக முதன்முறை பார்சிலோனாவின் காம்ப் நோ அரங்குக்குத் திரும்பிய நாள் அது. அவரை ஒட்டியே நிற்கும் பொறுப்பு 22 வயதுப் புயோலிடம் தரப்பட்டது. பார்சிலோனா 2-0 என வென்றது. இந்தப் பதிவில் முதல் பத்து நிமிடங்களுக்குப் பந்தைப் பார்க்காமல், ஃபிகோவையும் புயோலையும் மட்டும் பாருங்கள். தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுவதால் இருவரும் அடிக்கடி திரையிலிருந்து மறைவார்கள். அதனால் எரிச்சல்பட வேண்டாம்; திரைக்குள் திரும்ப வரும் நொடியில் பதிவை நிறுத்தி, இருவருக்கும் இடையே எத்தனை அடி தூரம், புயோலின் முகம் எந்தப் பக்கம், அவர் கை யாரை நோக்கி நீண்டிருக்கிறது என்ற மூன்றை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக் குறிக்கும்போது ஒரு தவறு எளிதில் நேரும். சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பதெல்லாம் சிறந்த தடுப்பாட்டம் என்று தோன்றும். பெரும்பாலான சறுக்கல்கள், யாரோ ஒருவர் தாமதமாக வந்ததன் விளைவு. அந்த யாரோ சில வேளை புயோலாகவே இருப்பார். ஆகவே ஒவ்வொரு சறுக்கலையும் எட்டு நொடி பின்னால் ஓட்டி, பிழை எங்கே தொடங்கியது என்று பாருங்கள். 2002-இல் லோகோமோட்டிவ் மாஸ்கோவுக்கு எதிராக, கோல்கீப்பர் தாண்டப்பட்ட பிறகு வந்த அடியை அவர் நெஞ்சைக் கொடுத்துத் தடுத்த காட்சியையும் இதே முறையில் பார்க்க வேண்டும். பந்து பட்ட இடம் சட்டையில் இருந்த கழகச் சின்னம் என்பதால் அது பெரும்புகழ் பெற்றது. என் பார்வையில், அந்த இடத்துக்கு அவர் ஓடி வந்ததுதான் பெரிது.

அதிக நேரம் கொடுக்க வேண்டியவை அவரது இரண்டு தலைமுட்டுக் கோல்கள். ஒன்று 2009 மே 2 அன்று ரியல் மாட்ரிட்டின் பெர்னபேவு அரங்கில், அந்த அணியை 6-2 என வீழ்த்திய ஆட்டத்தில் வந்தது; சக வீரர் ஷாவி அடித்த ஃப்ரீ கிக்கை முட்டி உள்ளே அனுப்பிவிட்டு, கேப்டன் பட்டையைக் கழற்றி முத்தமிட்டார். மற்றொன்று 2010 ஜூலை 7 அன்று டர்பனில், உலகக் கோப்பை அரையிறுதியின் 73-ஆவது நிமிடத்தில் ஜெர்மனிக்கு எதிராக வந்தது. அந்த ஒரு கோலே ஸ்பெயினை இறுதிப் போட்டிக்குக் கொண்டுசென்றது. டர்பன் கோலில், ஷாவியின் கால் கார்னர் பந்தைத் தொடும் கணத்தில் பதிவை நிறுத்துங்கள். ஜெர்மன் வீரர்கள் கோலுக்கு அருகே நின்றபடி பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புயோலோ அவர்களுக்கு வெகு பின்னாலிருந்து ஓடி வருகிறார். 178 செ.மீ. உயரமுள்ள ஒருவர், இரண்டு மீட்டரை நெருங்கும் மெர்டசாக்கர் போன்றவர்கள் நிற்கும் கூட்டத்தில் மேலே எழ முடிந்தது இந்த ஓட்டத்தால்தான்; நின்ற இடத்திலிருந்து குதிப்பவனை, ஓடி வந்து குதிப்பவன் தாண்டிவிடுவான். சக தடுப்பாட்டக்காரர் பிக்கேவும் அதே பந்துக்காக எழுவதைக் கவனிக்கத் தவறாதீர்கள். இரண்டு கோல்களையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, ஓட்டம் தொடங்கும் நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

2004 முதல் ஓய்வு வரை வகித்த கேப்டன் பொறுப்பைப் புரிந்துகொள்ள, பந்து ஆட்டத்தில் இல்லாத நேரங்களைப் பார்க்க வேண்டும். 2012 ஏப்ரலில் ராயோ வல்லேகானோவை 7-0 என வென்ற ஆட்டத்தில், ஐந்தாவது கோலுக்குப் பின் சக வீரர்கள் தியாகோவும் அல்வெஸும் நடனமாடத் தொடங்க, புயோல் ஓடி வந்து அதை நிறுத்தினார். 2011-இல் வெம்ப்ளி அரங்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி முடிந்ததும், அதே ஆண்டு கல்லீரல் கட்டிக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்த சக வீரர் அபிதாலுக்குக் கேப்டன் பட்டையை அணிவித்து, கோப்பையை அவரே உயர்த்தும்படி விட்டார்.

பலரும் தவிர்க்கும் கடைசி ஆண்டுகளை விட்டுவிடாதீர்கள். முழங்கால் காயத்தால் 2012 ஐரோப்பியக் கோப்பையைத் தவறவிட்டார்; அதே ஆண்டு அக்டோபரில் லிஸ்பனில் முழங்கை மூட்டு விலகியது; 2013 பிப்ரவரியில் ஸ்பெயினுக்காகத் தமது 100-ஆவதும் கடைசியுமான ஆட்டத்தை ஆடினார்; 2014 மே மாதம் விடைபெற்றார். அந்தக் காலத்து ஆட்டம் ஒன்றை எடுத்து, ஃபிகோ ஆட்டத்துக்குக் குறித்த அதே மூன்றையும் அதே தாளின் மறுபக்கத்தில் குறியுங்கள். எதிராளிக்கும் அவருக்கும் இடையே விடப்படும் தூரம் இளமையில் இருந்ததுபோலவே இருக்கிறதா, கை நீட்டிப் பிறரை நகர்த்துவது கூடியிருக்கிறதா என்பதைத் தாளின் இரு பக்கங்களையும் புரட்டிப் பார்த்தே நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம்.