சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளைகளின் உடற்பயிற்சி: பயத்தை எங்கே வைப்பது?

ஓடிக்கொண்டிருந்த பிள்ளை நின்று, முழங்காலில் கையை ஊன்றி, முகம் சிவக்க இருமுகிறது. பக்கத்தில் நிற்கும் பெரியவர், "போதும், வந்து உட்கார்" என்கிறார். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளைகள் விஷயத்தில் அடிக்கடி நடக்கும் தவறு இது. இந்த நோயில் உப்பும் நீரும் செல்களைக் கடந்து செல்வதை ஒழுங்குபடுத்தும் புரதம் சரியாக வேலை செய்யாததால், நுரையீரல் சளி பசைபோல் கெட்டியாகிவிடுகிறது. ஓடும்போது மூச்சு வேகமெடுத்து, ஒட்டியிருந்த சளி இளகி மேலே வருகிறது. அது வெளியேற வேண்டுமானால் இருமத்தான் வேண்டும். நன்றாக இருமித் துப்பச் சொல்லுங்கள். மூச்சு அடங்கியதும் மறுபடி ஓடட்டும். சளியில் ரத்தம், நெஞ்சுவலி, மூச்சில் விசில் சத்தம், தலைசுற்றல், உதடு நீலம் பாய்தல் ஆகியவை வேறு கதை. அப்போது உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேச வேண்டும்.

உட்கார வைப்பதால் பாதுகாப்பு கூடிவிடாது. 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், 7 முதல் 35 வயது வரையுள்ள நோயாளிகளை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். உடல்திறன் மிகுந்த பிரிவில் 83 சதவீதத்தினரும், மிகக் குறைந்த பிரிவில் 28 சதவீதத்தினரும் உயிரோடு இருந்தனர். உடற்பயிற்சிதான் ஆயுளைக் கூட்டியது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது; ஆனாலும் ஒரு பிள்ளையை நாற்காலியில் உட்கார வைக்கும் முன் யோசிக்க வைக்கும் எண்கள்.

அசட்டையாக இருக்கவே கூடாத இடம் வியர்வை. இந்தப் பிள்ளைகளின் நெற்றியில் வியர்வை காய்ந்தால் உப்புத் துகள் கையில் நெருடும். கறுப்புச் சட்டையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். மற்றவர்களுக்கு வியர்வைச் சுரப்பி உப்பில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதால் நீரே அதிகம் போகிறது. ரத்தத்தில் உப்பின் செறிவு ஏறி, தாகம் எடுக்கிறது. இவர்களுக்கு உப்பும் சேர்ந்தே போய்விடுகிறது. செறிவு அவ்வளவாக ஏறுவதில்லை, தாகமும் எடுப்பதில்லை. உடல் வறண்டுகொண்டிருக்கும்போதே "எனக்குத் தாகமில்லை" என்று பிள்ளை சொல்வது பொய்யல்ல. ஆகவே, தாகம் எடுத்தால் குடிக்கட்டும் என்று விடுவது தவறு. வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடிக்க வைப்பதும் தவறு. இருக்கிற உப்பையும் அது நீர்க்கச் செய்துவிடும். உப்பு சேர்ந்த பானத்தை 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை, கேட்காமலே கொடுக்க வேண்டும். எவ்வளவு உப்பு என்பதை மருத்துவமனையின் உணவியல் நிபுணர் சொல்வார். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால், இழந்த நீரின் கணக்கு கையில் கிடைத்துவிடும்.

"இன்று நன்றாக விளையாடிவிட்டான், பிசியோதெரபி வேண்டாம்" என்பது பல வீடுகளில் நடக்கும் சமரசம். விளையாட்டு சளியை இளக்க உதவும்; அதை முழுவதுமாக வெளியேற்றும் மூச்சுப் பயிற்சிக்கு அது தானாக ஈடாகிவிடாது. இரண்டையும் இணைத்துத் திட்டம் போட முடியும், ஆனால் அதைப் போட வேண்டியவர் பிசியோதெரபிஸ்ட். புரதக் கோளாற்றையே ஓரளவு சரிசெய்யும் புதிய மாத்திரைகள் வந்திருப்பதால் இனி ஓட வேண்டாம் என்று நினைப்பதும் அப்படித்தான். மாத்திரை தசையை வளர்க்காது.

துணைக்கு ஆள் இருக்கட்டும் என்று இதே நோயுள்ள இன்னொரு பிள்ளையோடு சேர்த்துப் பயிற்சிக்கு அனுப்புவது நல்லெண்ணத்தில் செய்யும் பெரிய தவறு. சூடோமோனாஸ், புர்க்கோல்டேரியா போன்ற கிருமிகள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய் நுரையீரலில் நிரந்தரமாகக் குடியேறலாம். குறைந்தது இரண்டு மீட்டர் இடைவெளி வேண்டும். தண்ணீர் பாட்டிலையும் பகிரக் கூடாது. சேர்ந்தே செய்ய ஆசையென்றால் இருவரும் அவரவர் வீட்டிலிருந்து வீடியோ அழைப்பில் செய்யலாம். மற்ற நண்பர்களோடு தாராளமாக விளையாடலாம். யாருக்காவது காய்ச்சல், சளி இருந்தால் மட்டும் அன்று விலகியிருப்பது நல்லது.

பதின்ம வயதில் கதை மாறுகிறது. திடீரென்று ஒரு பெண் குதிக்கவும் ஓடவும் மறுத்தால் சோம்பல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆண்டுக்கணக்கான இருமல் இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்திவிடுவதால், இருமும்போதும் குதிக்கும்போதும் சிறுநீர் கசியலாம். இதை அவளாக வாய்விட்டுச் சொல்வது அரிது. தனியாக, பதற்றமில்லாமல் கேளுங்கள். அந்தத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் கற்றுத் தருவார். இந்த நோயில் எலும்பு மெலிவதும் முதுகு கூன்விழுவதும் உண்டு என்பதால், ஓட்டத்தோடு நிறுத்தாமல் குதித்தல், எடை தாங்கும் பயிற்சி, முதுகை நிமிர்த்தும் பயிற்சி ஆகியவையும் வேண்டும்.

எடை குறைவு என்பதற்காகப் பயிற்சியை வெட்டுவதைவிட, சாப்பாட்டையும் அதைச் செரிக்கக் கொடுக்கும் என்சைம் மருந்தையும் அதற்கேற்பக் கூட்டுவதே வழி. இன்சுலின் போடும் பிள்ளைக்கு சர்க்கரை தாழ்ந்துவிடலாம். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். மண்ணீரல் வீங்கியிருந்தால் மோதி விளையாடும் ஆட்டங்கள் கூடாது. முதுகில் காற்று உருளை கட்டிக்கொண்டு கடலில் மூழ்கும் ஸ்கூபாவைத் தவிர்க்க வேண்டும். காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் ஏறியிருக்கும் நாட்களில் வேகம் வேண்டாம்; பிறகு படிப்படியாகத் தொடங்கலாம். பிள்ளை எவ்வளவு வேகம் வரை போகலாம் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. சைக்கிள் மிதிக்கவைத்து, ஆக்சிஜன் அளவையும் இதயத் துடிப்பையும் பார்க்கும் சோதனை உண்டு. அடுத்த வருடாந்திரப் பரிசோதனையில் அதைக் கேட்டு வாங்குங்கள்.