எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை விழுந்த ட்ரிப் சுவிட்ச்

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்காற்று படும் மாடிவீடு. கரண்ட் ஏர்த்துக்குக் கசிந்தால் மின்சாரத்தை வெட்டும் ட்ரிப் சுவிட்ச் நாளுக்கு இரண்டு, மூன்று தடவை விழுந்தது. ஒவ்வொரு ப்ளக்காகக் கழற்றிப் பார்த்ததில் பிடிபட்டது பனி உறையாத (ஃப்ராஸ்ட் ஃப்ரீ) ஃபிரிட்ஜ். கம்ப்ரஸர் ஓடும்போது ஒன்றுமில்லை. ஏறக்குறைய எட்டு மணித்தியால இடைவெளியில்தான் விழுந்தது. அந்த இடைவெளியே, டைமர் அவ்வப்போது போட்டு உள்ளே படியும் பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் ஹீட்டரைக் காட்டிக்கொடுத்தது.

ஃப்ரீஸர் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, டைமரின் பள்ளத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து 'டிக்' சத்தம் வரும்வரை திருப்பினேன். உடனே விழுந்தது. சூடேறிய ஃப்ரீஸரில் இந்தச் சோதனை பலிக்காது, பைமெட்டல் (சூட்டில் ஹீட்டரின் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) திறந்துவிடும். ஃப்ரீஸர் சூடேறும்வரை விட்டுப் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழாமல் நிற்பதும் பெரும்பாலும் அதனால்தான்.

ப்ளக்கைக் கழற்றிவிட்டு ஹீட்டரை அளந்தால் 350 ஓம். 230 வோல்ட், 150 வாட்டுக்கு அது சரியான அளவு. சாதாரண மல்டிமீட்டரில் கசிவும் தெரியவில்லை. கசிவை உயர் வோல்ட்டில் சோதிக்கும் 500 வோல்ட் மெகரில் ஹீட்டர் வயருக்கும் அலுமினியத் தகட்டுக்கும் இடையே 10 கிலோ ஓம்தான் காட்டியது. அதாவது 23 மில்லியம்பியர் ஏர்த்துக்குப் போகிறது. 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் 15க்கு மேல் எப்போதும் விழலாம். ஹீட்டர் குழாய் முனையின் ரப்பர் மூடி வெடித்து, உருகிய நீர் உள்ளே இறங்கியிருந்தது.

அதே நீளம், வாட், வோல்ட் உள்ள ஹீட்டரைப் புறக்கோட்டையில் வாங்கி மாற்றினேன். தயவுசெய்து ஏர்த் வயரை வெட்டி இதைத் 'திருத்த' விடாதீர்கள். பிறகு ஃபிரிட்ஜின் உடம்பிலேயே கரண்ட் நிற்கும்.