கல்வெட்டுப் பிரசுரங்களின் குறிப்புகளைப் பிரித்த விதம்

யாழ்ப்பாண நூலகங்களில் அந்தியேட்டிக் கல்வெட்டுகள் (இறந்தவர் நினைவாக அந்தியேட்டிச் சடங்கில் வெளியிடும் சிறு நூல்கள்) முக்கியமான சேகரிப்பு. கோஹா என்ற நூலக மென்பொருளில் நான் திருத்திய பட்டியலில் அவற்றின் குறிப்புகள் எல்லாம் மார்க் எனும் பட்டியல் வடிவத்தின் 500ஆம் புலத்தில் (பொதுக் குறிப்பு) ஒரே பத்தியாக இருந்தன: “தலைப்பு அட்டையிலிருந்து. முதற்பக்கம் செல்லரித்தது. குடும்பத்தினரின் நன்கொடை.”

முதல் வசனம், அதாவது தலைப்பை நூலின் மேலட்டையிலிருந்து எடுத்தது, பதிப்பைப் பற்றியது. மற்ற இரண்டும் எங்கள் அலுமாரியில் இருக்கும் பிரதிக்கு மட்டுமே உரியவை. இப்படியே மார்க்குக்கு மாற்றாக வந்த பிப்ஃபிரேம் வடிவத்துக்கு மாற்றினால் செல்லரிப்பும் பதிப்பின் பண்பாகிவிடும். பதிவை இறக்கிக்கொள்ளும் வேறு நூலகத்தின் நல்ல பிரதிக்கும் அதே குறை ஒட்டும்.

தலைப்பின் மூலத்தை 500இலேயே விட்டேன். சேதத்தை 590க்கு மாற்றினேன். அது உள்ளூர்ப் புலம், பதிவைப் பகிரும்போது கழற்றிவிடலாம். நன்கொடை விபரம் 541க்குப் போனது. கொடுத்தவர் பெயரை வெளியிட விரும்பாவிட்டால் அந்தப் புலத்தின் முதற் சுட்டி (புல எண்ணை அடுத்து வரும் முதல் இலக்கம்) 0; ஆனால் வாசகர் தேடும் பொதுத் திரையில் அது உண்மையில் மறைகிறதா என்று கட்டாயம் பாருங்கள். சேர்த்துக் கட்டியவை 501, மொழிக் குறிப்பு 546.

வரிசை முக்கியம். முதலில் பத்தியை வசனத்துக்கு ஒரு 500 ஆக உடைக்க வேண்டும். அதன் பிறகுதான் கோஹாவின் மார்க் திருத்த வார்ப்புருவில் “இந்தச் சொல் இருந்தால் புலத்தை நகர்த்து” என்ற நிபந்தனை. உடைக்காமல் ஓட்டினால் முழுப் பத்தியும் இடம்மாறும்.

“நன்கொடை” என்று தேடியும் சில பதிவுகள் அகப்படவில்லை. காரணம் யூனிகோட்: ஒகரக் குறி சிலவற்றில் ஒரே குறியீடு, சிலவற்றில் கொம்பும் காலும் தனித்தனி. கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு வேறு. கோப்பை, இப்படிப் பிரிந்தவற்றை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றியதும் அகப்பட்டன.