மைனஸ் 196 டிகிரியில் நொறுங்காத எஃகு வேண்டுமா?

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் நம்மவர்கள் திரவ நைட்ரஜன் தொட்டிக்கு ஆர்டர் எடுத்தால், மைல்டு ஸ்டீலை மறந்துவிடுங்கள். அந்தக் குளிரில் அது கண்ணாடி மாதிரி நொறுங்கும். 304எல் ஸ்டெயின்லெஸ் தாங்கும், ஆனால் வலிமையும் கூடுதலாக வேண்டுமென்றால் என் தேர்வு 9 சதவீத நிக்கல் எஃகுதான்.

கார்பன், கந்தகம், பாஸ்பரஸ் மூன்றும் குறைவாக இருக்கட்டும். சுமார் 800 டிகிரிக்குச் சூடாக்கித் தண்ணீரில் குளிர்வித்து, அப்புறம் 570 முதல் 600 டிகிரிக்குள் மறுபடி சூடாக்கிப் பதப்படுத்துங்கள் (டெம்பர்). அப்போது உள்ளே உருவாகும் கொஞ்சம் ஆஸ்டெனைட் (குளிரிலும் நொறுங்காத ஒரு படிக அமைப்பு) விரிசல் ஓடாமல் தடுக்க உதவுகிறது.

சோதிக்காமல் மட்டும் நம்பாதீர்கள். வி வடிவ வெட்டுப் போட்ட சார்பி துண்டு (சுத்தியலால் ஒரே அடியில் உடைத்துப் பார்க்கும் சோதனைத் துண்டு) திரவ நைட்ரஜனில் 5 நிமிடமாவது ஊறட்டும், வெளியே எடுத்த 5 நொடிக்குள் சுத்தியல் விழ வேண்டும். உடையும்போது துண்டு உறிஞ்சிய ஆற்றலை ஜூல் அளவில் குறித்துக்கொண்டு உடைந்த முகத்தையும் பாருங்கள்: மங்கலாக, நார்நாராக இருந்தால் சரி, தட்டையாகப் பளபளத்தால் அந்தத் தகட்டைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள்.