குடும்ப வன்முறை மரணம்: பிரதேச செயலகத்தில் மீளாய்வு நடத்துவது எப்படி

வீட்டு வன்முறையால் ஒரு பெண் இறந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார், பொலிஸ் வரும், பிறகு வழக்கு. எப்படி இறந்தார், குற்றவாளி யார் என்பதோடு அவர்கள் வேலை முடிகிறது. உயிரோடிருந்த காலத்தில் அவர் எந்த அலுவலக வாசலிலெல்லாம் நின்றார், அங்கே என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று தேடுவது மீளாய்வின் வேலை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011 ஏப்ரலிலிருந்து இது உள்ளூர் மட்டத்தில் சட்டக் கடமை. நமது இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமோ பாதுகாப்புக் கட்டளையை, அதாவது துன்புறுத்துபவரைத் தடுக்கும் நீதிமன்ற உத்தரவைப் பற்றியது; மரணத்துக்குப் பிந்திய மீளாய்வு அதில் இல்லை. எனவே மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இதைச் செய்வது ஒத்துழைப்பின் பேரில்தான். ஆனாலும் முற்றிலும் புதிய வேலையல்ல. கர்ப்பத்திலோ பிரசவத்திலோ ஒரு தாய் இறந்தால் சுகாதாரத் துறை ஒவ்வொரு தாமதத்தையும் உட்கார்ந்து ஆராய்கிறதே, அந்த ஒழுங்கையே இங்கும் எடுக்கலாம்.

இடம் பிரதேச செயலகம். பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உதவியாளர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், கிராம உத்தியோகத்தர் எல்லோரும் அங்கிருந்துதான் இயங்குகிறார்கள். இவர்களோடு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, பொலிஸ் சிறுவர் மகளிர் பிரிவு, வைத்தியசாலையின் நட்பு நிலையம் (வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு உதவும் பிரிவு), உள்ளூர் பெண்கள் அமைப்பு ஆகியவற்றிலிருந்து ஒவ்வொருவர். தலைவரைத் தவிர எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். ஆட்கள் கூடினால் பேச்சு வெளியே போகும். தலைவர் வேறு பிரதேசத்தவராக இருக்கட்டும். களுவாஞ்சிக்குடி மரணத்தைக் களுவாஞ்சிக்குடி அதிகாரியே தலைமை தாங்கி ஆராய்ந்தால் சக ஊழியரைக் காப்பாற்றும் எண்ணம் தானாக வந்துவிடும். அந்தப் பெண்ணின் முறைப்பாட்டைக் கையாண்டவர் குழுவில் இருக்கக்கூடாது. தகவல் தர மட்டும் அழையுங்கள்.

எந்த மரணத்தை எடுப்பது? கொலை மட்டும் என்றால் பாதி தப்பிவிடும். துன்புறுத்தலுக்குப் பின் நடந்த தற்கொலையையும், 'அடுப்பு வெடித்தது' என்று பதியப்பட்ட தீக்காய மரணத்தையும் சேருங்கள். கொன்றவர் கணவராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. மகன், மருமகன், சகோதரன் யாராகவும் இருக்கலாம். இறந்தவர் ஆணாகவும் இருக்கலாம்.

இனி முக்கியமான பகுதி: காலவரிசை. ஒவ்வொரு அலுவலகமும் கடைசி இரண்டு வருடப் பதிவுகளைத் தனித்தனியாக எழுதித் தரவேண்டும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல். பிறகு ஒரே தாளில் ஐந்து நிரல்கள்: திகதி, யாரிடம் வந்தார், என்ன சொன்னார், என்ன செய்யப்பட்டது, வேறு என்ன செய்திருக்கலாம். உதாரணத்துக்கு, மருத்துவமாதுவின் பதிவேட்டில் 'கண்ணடியில் கண்டல், கிணற்றடியில் விழுந்ததாகச் சொன்னார்' என்று ஒரு வரி. அதே கிழமை பொலிஸ் புத்தகத்தில் 'இருவரும் சமாதானமாகிச் சென்றனர்'. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சாதாரணம். ஒன்றின் கீழ் ஒன்றாக வரும்போது இரண்டு அலுவலகங்களுக்கும் பேச்சே இருக்கவில்லை என்பது அப்பட்டமாகத் தெரியும்.

அடிக்கடி விடுபடுவன: பிள்ளைகளின் பாடசாலை வரவு இடாப்பு, சமுர்த்தி (வறுமை நிவாரண) கோப்பு, பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்க சபைக்கு அனுப்பிய கடிதம், முஸ்லிம் குடும்பமென்றால் திருமண, விவாகரத்து விடயங்களைப் பார்க்கும் காதி நீதிமன்றத்துக்குப் போன விபரம். நுண்கடன் வசூலுக்கு வருபவருக்குக்கூட வீட்டு நிலை தெரிந்திருக்கும், ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை.

பாதுகாப்புக் கட்டளையைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். பெண் தானே போகாவிட்டாலும் அவர் சார்பில் பொலிஸ் அதிகாரி நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம், செய்தார்களா? கட்டளை ஆகக்கூடியது 12 மாதம்தான் செல்லும். காலாவதியான திகதிக்கும் இறந்த திகதிக்கும் இடைவெளி என்ன? கிழக்கில் வீடு பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணின் பெயரில் எழுதப்படுவது. ஆகவே 'ஏன் வீட்டைவிட்டுப் போகவில்லை' என்ற கேள்வி இங்கே பொருந்தாது. அடிப்பவன் அந்த வீட்டுக்குள் நுழையாதபடி நீதிமன்றம் தடைவிதிக்க முடியும் என்று அவருக்கு யாராவது சொன்னார்களா என்பதுதான் கேட்கவேண்டியது.

வழக்கு நடக்கும்போது என்ன செய்வது? மேல் நீதிமன்றக் கொலை வழக்கு பல வருடம் இழுக்கும். அதுவரை காத்திருந்தால் அதிகாரிகள் இடமாற்றமாகிவிடுவார்கள், பதிவேடுகளும் கிடைக்காது. ஆகவே இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். முதல் ஆறு மாதத்தில் அலுவலகப் பதிவுகள். சாட்சிகளாக வரக்கூடியவர்களிடம் பேசுவதை வழக்கு முடியும்வரை தள்ளிவையுங்கள். இல்லையென்றால் நீங்கள் எழுதிய குறிப்பை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சாட்சியை மடக்கப் பயன்படுத்துவார். இந்தப் பிரிப்பை ஆரம்பத்திலேயே விசாரணை நடத்தும் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

சாட்சியல்லாத உறவினரிடம் போவதென்றால் முப்பத்தோராம் நாள் கிரியையோ நாற்பதாம் நாள் கத்தமோ முடிந்த பின் போங்கள். இருவர் போதும், ஜீப்பில் போகவேண்டாம், ஊர் கூடிவிடும். தாயிடமும் சகோதரியிடமும் தனித்தனியே பேசுங்கள். குடும்பத்துக்குள்ளேயே 'பொறுத்துப் போ' என்று சொன்னவர் இருப்பார். அவரைக் குற்றக்கூண்டில் ஏற்றுவதுபோல் கேட்டால் வாய் மூடிக்கொள்வார்.

அறிக்கையில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. வாகரைக்குள் ஒரு கொலை என்றால் மாதத்தையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வைத்தே ஊர் கண்டுபிடித்துவிடும். இரண்டு பிரதி தயாரியுங்கள்: முழுமையானது பூட்டிய அலுமாரியில், வெளியே போவதில் கிராமம், மாதம், தொழில், பிள்ளைகளின் வயது எதுவும் இருக்கக்கூடாது.

பரிந்துரைகளில்தான் பெரும்பாலான அறிக்கைகள் சறுக்குகின்றன. 'மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டவேண்டும்' என்று எழுதினால் அது யாருடைய வேலையுமில்லை. 'காயத்தோடு வரும் தாயை மருத்துவமாது அன்றே நட்பு நிலையத்துக்கு அனுப்பவேண்டும். அனுப்பிய துண்டின் பிரதியைச் சுகாதார வைத்திய அதிகாரி மாதந்தோறும் பார்க்கவேண்டும்' என்று எழுதினால் யார், என்ன, எப்போது மூன்றும் வந்துவிடும். ஐந்து பரிந்துரை போதும்.

மூன்று மாதம் கழித்து ஒவ்வொரு அலுவலகத்திடமும் எழுத்தில் பதில் கேளுங்கள். பதில் வராத பரிந்துரையை அடுத்த பிரதேச ஒருங்கிணைப்புக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், எந்த அலுவலகம் என்ற பெயரோடு, முதல் விடயமாகப் போடுங்கள்.