மரத்துக்கு முதன்முறையாக எண்ணெய்ப் பூச்சு கொடுப்பது எப்படி?

ஒரு ஸ்டூலோ சின்ன அலமாரியோ செய்து முடித்த கையோடு, எதையாவது பூசிப் பளபளக்க வைத்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அந்த அவசரத்தில்தான் பல நல்ல வேலைகள் கெட்டுப்போகின்றன. பூச்சு எதையும் மறைக்காது. கீழே இருக்கும் கீறல், பசைக் கறை, ரம்பத் தடம் எல்லாவற்றையும் இன்னும் எடுப்பாகக் காட்டும்.

வார்னிஷ், லேக்கர், பாலிஷ் என்று பல வழிகள் இருந்தாலும், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது எண்ணெய்ப் பூச்சுதான். பிரஷ் தடம் விழாது. எங்காவது பிசகினாலும் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி பூசிக்கொள்ளலாம்.

எண்ணெய்

கேட்க வேண்டியது ஆளிவிதை எண்ணெய், அதாவது லின்சீட் ஆயில். அதிலும் டப்பாவில் 'பாயில்டு' என்று போட்டிருப்பதை வாங்குங்கள். எதுவும் கலக்காத பச்சை ('ரா') எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும். பாயில்டு வகையில் சீக்கிரம் காய்வதற்காக கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோகச் சேர்மங்கள் கலந்திருப்பதால், பெரும்பாலும் ஒரு நாளில் அடுத்த பூச்சுக்குத் தயாராகிவிடும். இதே காரணத்தால் காய்கறி நறுக்கும் பலகைக்கு இது வேண்டாம். அதற்கு உணவுத் தர மினரல் ஆயில் இருக்கிறது. வீட்டில் இருக்கிற சமையல் எண்ணெயைப் பூசலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. அவற்றில் பெரும்பாலானவை சரியாகக் காயாது, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும்.

கூடவே எண்ணெயை நீர்க்க வைக்கக் கொஞ்சம் டர்பென்டைன், பழைய பருத்தித் துணி, கையுறை, மாஸ்க், 80, 120, 180, 220, 320 நம்பர் உப்புத்தாள்கள். அவ்வளவுதான்.

தேய்ப்பு

நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும். உப்புத்தாளில் நம்பர் கூடக் கூட அது நைசாகும். முரட்டுத் தடங்கள் இருந்தால் 80-இல் தொடங்குங்கள். இழைப்புளி ஓட்டி ஏற்கெனவே வழவழப்பாக இருக்கும் பலகைக்கு 120 போதும். ப்ளைவுட் என்றால் 80 பக்கமே போகாதீர்கள். மேலே இருக்கும் அடுக்கு மிக மெல்லியது, தேய்ந்து ஓட்டை விழுந்துவிடும்.

ஒவ்வொரு நம்பருக்கும் ஒரே வேலைதான்: முந்தைய தாள் போட்ட கீறலை எடுப்பது. அதனால் 80-இலிருந்து நேராக 220-க்குத் தாவினால், நாள் முழுக்கத் தேய்த்தாலும் அடியில் உள்ள ஆழமான கீறல் போகாது. போதுமான அளவு தேய்த்துவிட்டோமா என்று தெரிய ஒரு சுலபமான வழி உண்டு. பலகை முழுக்க பென்சிலால் லேசாக வளைவளைவாகக் கிறுக்குங்கள். எல்லாக் கோடும் மறையும் வரை தேய்த்துவிட்டு, அப்புறம் அடுத்த நம்பருக்குப் போங்கள். தாளை ஒரு சின்ன மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். ரேகைக்குக் குறுக்கே விழுந்த ஒரு கீறல்கூட எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும்.

வேலை முடிந்ததாகத் தோன்றும்போது அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பலகைக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறல்கள் நிழல் விழுந்து தெரியும். மூட்டுகளின் ஓரத்தில் பசை காய்ந்து படிந்திருந்தால், கண்ணாடிபோல லேசாக மினுங்கும். எண்ணெய் அந்த இடத்தில் இறங்காமல் வெளுத்த திட்டாக நிற்கும் என்பதால் இப்போதே சுரண்டி எடுத்துவிடுங்கள்.

பலகையைக் குறுக்கே அறுத்த முனைகள் எண்ணெயை மளமளவென்று குடித்துக் கறுத்துப்போகும். அந்த முனைகளை மட்டும் 320 வரை தேய்த்தால் நிறம் ஓரளவு சமமாக வரும்.

மாஸ்க் இல்லாமல் தேய்க்கவே கூடாது. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை மரத்தூசியை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. பொழுதுபோக்கு வேலைதானே என்று அலட்சியம் வேண்டாம்.

180 முடிந்ததும், நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் பலகையை ஒருமுறை துடையுங்கள். காய்ந்ததும் தடவிப் பார்த்தால் சொரசொரவென்றிருக்கும். நார்கள் ஈரத்தில் எழுந்து நிற்கின்றன. 220 தாளால் லேசாக நீவிவிட்டால் போதும். அழுத்தித் தேய்த்தால் புது நார்கள் எழும்பிவிடும்.

பூசுவது

தூசியை முழுக்கத் துடைத்துவிட்டு, முதலில் ஒரு துண்டு மரத்தில் பூசி நிறத்தைப் பாருங்கள். ஆளிவிதை எண்ணெய் மரத்தை லேசாக மஞ்சளாக்கும், நாளாக ஆக இன்னும் கொஞ்சம் கூடும். அது பிடித்திருந்தால் மேலே போகலாம்.

முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பென்டைனும் சரிபாதி. கலக்கும் இடத்திலும் பூசும் இடத்திலும் ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு வேண்டாம். துணியில் தாராளமாக எடுத்துத் தடவுங்கள். சுமார் 15 நிமிடம் விடுங்கள். வறண்ட இடங்களில் இன்னொரு கை தடவுங்கள். அப்புறம் வேறு சுத்தமான துணியால், மேலே நிற்கிற எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் துடைத்தெடுங்கள். மூட்டு இடுக்கு, கால்களின் உள்பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். மேலே தங்கிய எண்ணெய் மரத்துக்குள் போகாது. பசைப் படலமாகி, நாள் கணக்கில் பிசுபிசுக்கும். அப்படி ஆகிவிட்டால் டர்பென்டைன் நனைத்த துணியால் தேய்த்து எடுக்கலாம்.

ஒரு நாள் இடைவெளி விட்டு இன்னும் இரண்டு பூச்சு, இவை டர்பென்டைன் கலக்காமல். ஒவ்வொன்றுக்கும் முன் தொட்டுப் பாருங்கள். கையில் ஒட்டினால் இன்னொரு நாள் காத்திருங்கள்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள்

இந்த எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து இறுகுகிறது, அப்போது சூடு வெளிப்படும். விரித்த துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டால் உள்ளேயே ஏறி, தீக்குச்சியே இல்லாமல் துணி பற்றிக்கொள்ளும். 1991-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 'ஒன் மெரிடியன் பிளாசா' என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது, அங்கே விட்டுச்செல்லப்பட்ட லின்சீட் ஆயில் துணிகளால்தான். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள்.

துணிகளை வெளியில், ஒன்றன்மேல் ஒன்று படாமல், தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள். விறைத்துப் போனதும் குப்பையில் போடலாம். வெளியில் இடமில்லையென்றால் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முழுக்க மூழ்கவைத்து மூடிவிடுங்கள்.

அதற்குப் பிறகு

தொட்டால் காய்ந்திருந்தாலும் முழுக்க இறுகச் சில வாரம் ஆகும். அதுவரை ஈரமான டம்ளரை மேலே வைக்க வேண்டாம். எண்ணெய்ப் பூச்சு சூட்டையும் தேங்கும் தண்ணீரையும் அதிகம் தாங்காது. தினமும் சாப்பிடும் மேசை என்றால் பாலியூரித்தேன் வார்னிஷ்தான் சரி. மற்றவற்றுக்கு, மரம் மங்கலாகத் தெரியும்போது தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். உருண்டு நின்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். சில நிமிடத்தில் உள்ளே இறங்கிவிட்டால், தூசி துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஒரு கை எண்ணெய் பூசித் துடைத்துவிடுங்கள்.